ஒத்திகைக்குப் போகும் முன்: புது நடிகர்களுக்கான மேடைச் சொற்கள்

முதல் வாரத்திலேயே இயக்குநர் உங்களிடம் இப்படிச் சொல்லக்கூடும்: “அப் ரைட்ல என்ட்ரி. சோபாவுக்கு முன்னால வந்து டவுன் சென்டருக்கு க்ராஸ். கடிதத்தை வாங்கினதும் கொஞ்சம் சீட் அவுட். அவங்க நகரும்போது நீங்க கவுண்டர் பண்ணுங்க.” பழகியவர் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவார். புதிதாக வந்தவர் சோபாவைப் பார்ப்பார், இயக்குநரைப் பார்ப்பார், அப்புறம் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்.

இந்தச் சொற்கள் அதிகம் இல்லை. ஒரு முப்பது தெரிந்தால் எந்த நாடகக் குழுவிலும் சமாளித்துவிடலாம். ஆனால் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, சொல் காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும். யோசித்துவிட்டு நகர்வதற்குள் எதிரில் நிற்பவர் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். அதனால் உட்கார்ந்து படிக்காமல், ஒரு காலி அறையில் எழுந்து நின்று நடந்து பாருங்கள். ஒத்திகை தொடங்கி நாடகம் முடியும்வரை இவை பெரும்பாலும் எந்த வரிசையில் காதில் விழுமோ, அதே வரிசையில் சொல்கிறேன்.

இடது யாருடைய இடது?

அறையின் ஒரு சுவரைப் பார்வையாளர்கள் என்று வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நில்லுங்கள். இப்போது உங்கள் வலது கைப் பக்கம்தான் ஸ்டேஜ் ரைட், இடது கைப் பக்கம் ஸ்டேஜ் லெப்ட். திரும்பி முதுகைக் காட்டினாலும் இது மாறாது. முதல் சில நாட்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்: பின்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது “ரைட்டுக்குப் போங்க” என்றால், உங்கள் இடது கைப் பக்கம் போக வேண்டும்.

இயக்குநர் எதிரே, பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எல்லாம் தலைகீழ். பார்வையாளரின் கணக்குப்படி சொன்னால் ஹவுஸ் ரைட், ஹவுஸ் லெப்ட். ஹவுஸ் ரைட்டும் ஸ்டேஜ் லெப்ட்டும் ஒரே பக்கம். அனுபவசாலி இயக்குநர்களும் இரவு பத்து மணிக்கு மேல் குழம்புவார்கள். “ஸ்டேஜ் ரைட்டா, ஹவுஸ் ரைட்டா?” என்று கேட்பதில் தப்பே இல்லை. தவறான பக்கம் போய் இன்னொருவர் மேல் மோதுவதற்கு அது மேல்.

பிரெஞ்சு நாடகக்காரர்கள் இந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டார்கள். 1770-ல் கொமெடி ஃபிரான்சேஸ் குழு பாரிஸின் துய்லரி அரண்மனையில் இருந்த அரங்குக்குக் குடிபெயர்ந்தது. அந்த அரங்கின் ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் முற்றம். இன்றும் பிரான்சில் ஸ்டேஜ் ரைட்டைத் தோட்டப் பக்கம் என்றும் ஸ்டேஜ் லெப்ட்டை முற்றப் பக்கம் என்றும்தான் சொல்கிறார்கள். யாருடைய இடது என்ற கேள்விக்கே இடமில்லை. பிரிட்டனில் ப்ராம்ப்ட் சைடு என்று ஒன்று உண்டு. வழக்கமாக அது ஸ்டேஜ் லெப்ட். வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்கார்ந்த பக்கம் என்பதால் அந்தப் பெயர்.

அடுத்தது மேலும் கீழும். பார்வையாளரை நோக்கி வருவது டவுன் ஸ்டேஜ், அவர்களிடமிருந்து விலகிப் பின்னால் போவது அப் ஸ்டேஜ். தமிழில் கீழ்மேடை, மேல்மேடை என்றும் சொல்வார்கள். பழைய ஐரோப்பிய அரங்குகளில் தரை உண்மையாகவே பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் சரிந்திருக்கும். இந்தச் சரிவுக்கு ரேக் என்று பெயர். பின்னால் போவதென்றால் மேலே ஏறத்தான் வேண்டும். இப்போது பெரும்பாலும் மேடையைச் சமமாகப் போட்டு, பார்வையாளர் இருக்கைகளைத்தான் சரிவாக அமைக்கிறார்கள். ஆனாலும் பேச்சில் மேலும் கீழும் அப்படியே நிற்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்தால் மேடை ஒன்பது கட்டமாகும். முன்வரிசையில் டவுன் ரைட், டவுன் சென்டர், டவுன் லெப்ட். நடுவரிசையில் ரைட், சென்டர், லெப்ட். பின்வரிசையில் அப் ரைட், அப் சென்டர், அப் லெப்ட். தரையில் டேப் ஒட்டி ஒன்பது கட்டம் போடுங்கள். வீட்டில் யாரையாவது வரிசை மாற்றி மாற்றிக் கூவச் சொல்லி, கூவியதும் அந்தக் கட்டத்தில் போய் நில்லுங்கள். முதலில் முன்னால் பார்த்தபடி, அப்புறம் முதுகைக் காட்டியபடி, கடைசியாக ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே. மூன்றாவது சரியாக வந்துவிட்டால் இந்தப் பாடம் முடிந்தது.

பென்சிலோடு போங்கள்

எழுந்து நடப்பதற்கு முன் பெரும்பாலும் ஒரு வாசிப்பு இருக்கும். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாடகப் பிரதியை முழுவதும் படிப்பார்கள். அப்புறம்தான் பிளாக்கிங். யார், எப்போது, எங்கிருந்து எங்கே நகர வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எழ வேண்டும் என்று முடிவு செய்வதெல்லாம் பிளாக்கிங். சொல்லச் சொல்ல உங்கள் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். இன்று சொன்னதை இயக்குநர் நாளை மாற்றுவார், நாளை மறுநாள் பழையதற்கே திரும்புவார்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வது க்ராஸ். இதைப் பெருக்கல் குறியால் எழுதுவது வழக்கம். கட்டங்களுக்கு உங்களுக்குப் புரிகிற சுருக்கம் வைத்துக்கொள்ளலாம்: மேல்மேடைக்கு ‘மே’, கீழ்மேடைக்கு ‘கீ’, வலத்துக்கு ‘வ’, இடத்துக்கு ‘இ’, மையத்துக்கு ‘மை’. வசனத்தில் எந்தச் சொல்லில் நகரத் தொடங்குகிறீர்களோ, அந்தச் சொல்லின் தலைமேல் குறி போடுங்கள். ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

“இந்தக் கடிதம் உனக்கு எப்படிக் கிடைத்தது? அப்பாவுக்குத் தெரியுமா?”

இதில் ‘எப்படி’யின் மேல் ‘× கீமை’, ‘அப்பாவுக்கு’ என்பதன் மேல் ‘நில்’. நாடகத்துக்கு என்ன லாபம் என்று பாருங்கள்: கேள்வி கேட்டபடியே நெருங்கி வந்து, அப்பா நினைவுக்கு வந்ததும் கால் நின்றுவிடுகிறது. நகர்வு வசனத்தின் பொருளோடு ஒட்டிவிட்டதால் இரண்டும் ஒன்றையொன்று நினைவுபடுத்தும். வெறுமனே ஓரத்தில் ‘முன்னால் போ’ என்று எழுதியவருக்கு இது கிடைக்காது.

இந்தப் பக்கத்தில் கூடவே வரும் மற்ற சொற்கள்: என்ட்ரி என்றால் மேடைக்குள் வருவது, எக்ஸிட் என்றால் வெளியேறுவது. கவுண்டர் என்றால் ஒருவர் உங்கள் முன்னால் கடந்து போகும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் ஓரிரு அடி நகர்ந்து, அவர் உங்களை மறைக்காமலும் மேடை ஒரு பக்கமாகச் சாயாமலும் பார்த்துக்கொள்வது. கவுண்டர் யார் கண்ணிலும் படக்கூடாது, ஏதோ தன்னால் நகர்ந்ததுபோல் இருக்க வேண்டும். பொதுவாக, நகர்கிறவர் நிற்பவருக்கு முன்பக்கமாகக் கடப்பார். பேசிக்கொண்டே நகர்ந்தால் கட்டாயம் முன்பக்கம்தான். பீட் என்றால் ஒரு நொடி இடைவெளி. பிசினஸ் என்றால் கையால் செய்யும் சின்ன வேலைகள்: கண்ணாடியைத் துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது.

உடம்பை எந்தக் கோணத்தில் வைப்பது

வாழ்க்கையில் இரண்டு பேர் பேசினால் நேருக்கு நேர் பார்த்து நிற்பார்கள். மேடையில் அப்படி நின்றால் பார்வையாளருக்குக் கிடைப்பது இரண்டு காதுகள். இந்த நிலைக்கு ப்ரொஃபைல் என்று பெயர். சண்டைக் காட்சிக்கு நன்றாக இருக்கும், எப்போதும் அப்படியே நின்றால் முகம் வீணாகும். இருவரும் காலை முன்பக்கம் பாதியளவு திருப்பி, ஏறக்குறைய 45 டிகிரியில் நின்றால் முகமும் தெரியும், பேசிக்கொள்வதும் நம்பும்படி இருக்கும். இதுதான் சீட் அவுட். (உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து நாற்காலி தேடியவர்களும் உண்டு.) திருப்ப வேண்டியது கழுத்தை இல்லை, பாதத்தை. பாதம் திரும்பினால் இடுப்பும் தோளும் தன்னால் வரும். கழுத்து மட்டும் திரும்பினால் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் இருக்கும்.

இயக்குநர் “ஓப்பன் அப்” என்றால் பார்வையாளர் பக்கம் இன்னும் திரும்பச் சொல்கிறார். “க்ளோஸ்” என்றால் விலகித் திரும்பச் சொல்கிறார். “ஷேர்” என்றால் இருவரும் ஒரே அளவு கோணத்தில் நின்று காட்சியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். “கிவ்” என்றால் இந்தத் தருணம் மற்றவருடையது, நீங்கள் சற்றுத் திரும்பி அவருக்கு விடுங்கள் என்று பொருள்.

அப்ஸ்டேஜிங் என்பதுதான் குழுவில் கெட்ட பெயர் வாங்கித் தரும் சொல். நீங்களும் இன்னொருவரும் பேசுகிறீர்கள். நீங்கள் மெல்ல இரண்டடி பின்னால் போய்விட்டீர்கள். உங்களைப் பார்த்துப் பேச அவர் திரும்பியே ஆக வேண்டும், திரும்பினால் அவர் முதுகு பார்வையாளருக்கு, உங்கள் முகம் மட்டும் தெரிகிறது. தெரிந்து செய்தால் திருட்டு. புதியவர்கள் பெரும்பாலும் தெரியாமல் செய்வார்கள், கூச்சத்தில் பின்வாங்குவதுதான் காரணம். அதனால் வசனம் பேசும்போது நடுநடுவே எதிரில் நிற்பவரின் பாதத்தை ஓரக்கண்ணால் பாருங்கள். அவரும் நீங்களும் ஒரே வரிசையில் இருந்தால் பிரச்சினை இல்லை. மற்றவர் பேசும்போது நீங்கள் பின்னால் நின்று கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பதும் அப்ஸ்டேஜிங்தான், கண் அசைவைத் தேடிப் போகும்.

இன்னும் சில கைப்பழக்கங்கள். பார்வையாளருக்கு அருகில் இருக்கும் கை டவுன் ஸ்டேஜ் கை, தள்ளி இருப்பது அப் ஸ்டேஜ் கை. பக்கவாட்டில் நிற்கும்போது குவளையைத் தூக்குவது, தொலைபேசியைக் காதில் வைப்பது, சுட்டிக்காட்டுவது எல்லாம் அப் ஸ்டேஜ் கையால், முகம் மறையாது. மண்டியிட்டால் டவுன் ஸ்டேஜ் முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள், உடம்பு பார்வையாளர் பக்கம் திறந்தபடி இருக்கும். இதெல்லாம் வழக்கம்தான், சட்டம் இல்லை. முதுகைக் காட்டி அழுவது முகம் காட்டி அழுவதைவிடப் பலமாக இருக்கும் இடங்களும் உண்டு.

க்யூ

நீங்கள் பேசவோ நகரவோ தொடங்க வேண்டிய அடையாளம் க்யூ. பெரும்பாலும் அது மற்றவர் வசனத்தின் கடைசிச் சொற்கள். சில நேரம் ஒரு செயல், ஒரு சத்தம், ஒரு விளக்கு மாற்றம். இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது: உங்கள் வசனத்தின் கடைசிச் சொற்கள் இன்னொருவருக்கு க்யூ. நடுவில் ஒரு சொல் மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, கடைசிச் சொல்லை மாற்றினால் எதிரில் இருப்பவர் காத்துக்கொண்டே நிற்பார். ஒருவேளை விளக்கு இயக்குபவரும்.

“க்யூவைப் பிக் அப் பண்ணுங்க” என்றால் உங்கள் பேச்சு வேகமாக இல்லை என்று அர்த்தம் இல்லை. மற்றவர் முடித்ததற்கும் நீங்கள் தொடங்குவதற்கும் நடுவே ஓட்டை விழுகிறது என்று அர்த்தம். அவர் முடிக்கும்வரை காத்திருந்து அப்புறம் மூச்சு இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். அவர் கடைசிச் சொற்களைச் சொல்லும்போதே மூச்சை எடுத்துவிடுங்கள்.

ஆஃப் புக் என்று ஒரு தேதி அறிவிப்பார்கள். அன்றிலிருந்து கையில் பிரதி இருக்கக்கூடாது. மறந்தால் பாத்திரத்திலிருந்து வெளியே வராமல், நின்ற இடத்திலேயே “லைன்” என்று மட்டும் சொல்லுங்கள், பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். “சாரி, சாரி, எனக்குத் தெரியும், இருங்க” என்று நெற்றியைத் தட்டிக்கொள்வதில் போகும் நேரத்தில் அரைப் பக்கம் ஒத்திகை பார்த்துவிடலாம். நாடகம் நடக்கும்போது மறந்துபோவதை டிரை ஆவது என்பார்கள். அப்போது “லைன்” கேட்க முடியாது, காட்சியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நினைத்து சொந்தச் சொற்களில் சமாளிக்க வேண்டியதுதான். மேடையில் சிரிப்பை அடக்க முடியாமல் போவதற்கும் ஒரு சொல் உண்டு, பிரிட்டனில் கார்ப்ஸிங் என்பார்கள்.

சுற்றியிருக்கும் பொருட்கள்

ஒத்திகை அறையை விட்டு உண்மையான மேடைக்குப் போகும் முதல் நாளில் இந்தச் சொற்கள் வரும். படச்சட்டம்போல் முன்னால் வளைவு இருக்கும் மேடை ப்ரொசீனியம். இத்தாலியின் பார்மா நகரில் 1618-ல் கட்டிய ஃபார்னேசே அரங்கு இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. வளைவுக்கு முன்னால் பார்வையாளர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஏப்ரன். மூன்று பக்கமும் பார்வையாளர் இருந்தால் த்ரஸ்ட், நான்கு பக்கமும் இருந்தால் அரீனா. அரீனாவில் மேல், கீழ் எல்லாம் உதவாது. கடிகார முகத்தைத் தரையில் விரித்ததாக வைத்து “நாலு மணிக்கு வாங்க” என்பார்கள். நாலாவது சுவர் என்பது நடிகர்களுக்கும் பார்வையாளருக்கும் நடுவே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் சுவர். இந்த யோசனையை பிரெஞ்சு எழுத்தாளர் தித்ரோ 1758-லேயே எழுதிவிட்டார்.

மேடையின் இரு பக்கமும் நீங்கள் காத்து நிற்கும் மறைவிடம் விங். அங்கே தொங்கும் நீளமான கறுப்புத் துணிகள் லெக்ஸ், மேலே குறுக்கே தொங்குபவை பார்டர். கடைசியில் பின்னால் இருக்கும் அகன்ற வெளிர்த் திரை சைக்ளோரமா, சுருக்கமாக சைக். அதன் மேல் சாயாதீர்கள், அந்தச் சுருக்கம் விளக்கு போட்டதும் வானத்தில் தெரியும். விங்கில் நிற்கும்போது ஒரே விதி: பார்வையாளரில் ஒருவரை உங்களால் பார்க்க முடிந்தால் அவராலும் உங்களைப் பார்க்க முடியும். இதற்குத்தான் சைட்லைன் என்று பெயர். லெக்ஸ் துணியைப் பிடித்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம், துணி ஆடும்.

முன்திரைக்கு அருகே தீத்தடுப்புத் திரை இருக்கும் அரங்குகளில், அது இறங்கும் கோட்டில் எதையும் வைக்கக்கூடாது என்பார்கள். கண்டிப்பாகக் கேளுங்கள். 1903-ல் சிகாகோவின் இரோகுவா தியேட்டர் தீ விபத்தில் அந்தத் திரை பாதியில் சிக்கி முழுதாக இறங்கவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தரையில் சின்னச் சின்ன வண்ண டேப் துண்டுகள் இருக்கும். அவை ஸ்பைக், நாற்காலி, மேசை வைக்க வேண்டிய இடம். இருட்டில் ஒளிரும் டேப் படி முனையையும் வழியையும் காட்டும். கையில் எடுக்கும் பொருளெல்லாம் ப்ராப். ப்ராப் மேசையில் ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். எடுத்ததை அதே கட்டத்தில் வையுங்கள், அடுத்தவருடையதைத் தொடாதீர்கள், உங்களுடையதை நாடகம் தொடங்கும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். காலியான கட்டம் ஒன்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள்.

டெக் நாட்கள்

டெக்னிக்கல் ஒத்திகையில் நடிகர் முக்கியமில்லை. விளக்கும் ஒலியும் அரங்கப்பொருள் மாற்றமும்தான் முக்கியம். இந்த உண்மையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அந்த நாட்கள் எளிது. அமெரிக்கத் தொழில்முறை நாடகங்களில் 12 மணி நேரத்தில் 10 மணி நேரம் வேலை செய்யும் நாட்களே உண்டு. க்யூ டு க்யூ என்றால் நடுவில் உள்ள வசனங்களை விட்டுவிட்டு ஒரு மாற்றத்திலிருந்து அடுத்த மாற்றத்துக்குத் தாவுவது. “ஹோல்டு” கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், பேச்சையும் நிறுத்துங்கள். “ஹெட்ஸ்!” என்று யாராவது கத்தினால் மேலிருந்து ஏதோ விழுகிறது. நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் காத்துக்கொண்டு விலகுங்கள்.

“லைட்டைப் பிடிங்க” என்றால் வெளிச்சத்தின் சூடான நடுப்பகுதியில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் முகத்தில் சூடு படுவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகளில் அந்தச் சூடு அவ்வளவாகத் தெரியாது. ஒத்திகையின்போது எந்த இடத்தில் விளக்கு கண்ணைக் கூசுகிறதோ, அதைத் தரையில் ஏதாவது ஒரு குறியோடு பொருத்தி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைப் பற்றிய இந்தக் கவலை புதிதல்ல: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே, தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தது சொல்லப்படுகிறது. பிளாக் அவுட் ஆனதும் பாய்ந்து ஓடாதீர்கள். கண் பழக ஒரு நொடி விட்டு, ஒளிரும் டேப்பைப் பார்த்து நடங்கள்.

டெக் முடிந்ததும் டிரெஸ் ரிகர்சல். உடை, ஒப்பனை, எல்லாம் சேர்த்து நிற்காமல் ஓடும். முடிந்ததும் இயக்குநர் நோட்ஸ் கொடுப்பார். எழுதிக்கொண்டு “சரி” என்று சொன்னால் போதும். ஏன் அப்படி ஆனது என்ற விளக்கம் யாருக்கும் வேண்டாம், பதினைந்து பேருக்கு நோட்ஸ் பாக்கி இருக்கும்.

நாடக நாள்

கால் டைம் என்றால் நீங்கள் அரங்கில் இருக்க வேண்டிய நேரம், கிளம்ப வேண்டிய நேரம் இல்லை. வந்ததும் வருகைப் பட்டியலில் குறித்துவிட்டு கிரீன் ரூமுக்குப் போகலாம். அதன் பிறகு அதிகாரம் இயக்குநரிடம் இல்லை, ஸ்டேஜ் மேனேஜரிடம். அவர் கொடுக்கும் நேர அறிவிப்புகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் திரை எழ 30 நிமிடம் இருக்கும்போது “ஹாஃப் அவர்”, அப்புறம் 15, 10, 5, கடைசியில் “ப்ளேசஸ்”. பிரிட்டனில் “ஹாஃப்” என்பது 35 நிமிடத்துக்கு முன், “குவார்ட்டர்” 20 நிமிடத்துக்கு முன், “ஃபைவ்” 10 நிமிடத்துக்கு முன், “பிகினர்ஸ்” 5 நிமிடத்துக்கு முன். அதாவது பிரிட்டிஷ் கணக்கு பிகினர்ஸ் வரை உள்ள நேரத்தைச் சொல்கிறது, திரை எழும் வரை உள்ள நேரத்தை இல்லை. உங்கள் குழு எந்தக் கணக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு கேட்டால் பதில் சொல்ல வேண்டும். “ஃபைவ்” என்றால் “தேங்க்யூ, ஃபைவ்” என்று அதையே திருப்பிச் சொல்வது வழக்கம், கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும். பதில் வராத அறையை அவரே தேடி வர வேண்டியிருக்கும், அதற்கு அவரிடம் நேரம் இல்லை. ஹெட்செட்டில் அவர் “ஸ்டாண்ட்பை” என்றால் தயாராக இரு, “கோ” என்றால் இயக்கு. அதனால் ஹெட்செட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சும்மாகூட “கோ” என்று சொல்லாதீர்கள், ஒரு விளக்கு அணையலாம்.

எல்லாம் முடிந்து கடைசியாக வணங்குவது கர்ட்டன் கால். இதற்கும் பிளாக்கிங் உண்டு, ஒத்திகை உண்டு. நடுவில் நிற்பவர் குனியும்போது குனிய வேண்டும், அவர் நிமிரும்போது நிமிர வேண்டும். கடைசி நாள் கர்ட்டன் காலுக்குப் பிறகு “எல்லோரும் ஸ்ட்ரைக்குக்கு இருங்க” என்றால் வேலைநிறுத்தம் இல்லை, அரங்கப்பொருட்களைப் பிரித்து எடுக்கும் வேலை. பல சிறு குழுக்களில் நடிகர்களும் கை கொடுக்க வேண்டும். உடையை மாற்றிக்கொண்டு, மூடிய காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். பிரித்த மரச்சட்டங்களில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும்.